இடது காலுக்கு வேலையில்லாத கார்

நான் நன்றாகக் கார் ஓட்டுவேன். இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சிரிக்காமல் கேட்பதில்லை. ஆனால் சென்ற வருடம் வரை இது எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மையாக இருந்தது. லோனாவளா மலைப்பாதையில் முன்னால் போகும் லாரி எந்த வளைவில் திணறும் என்று எனக்குத் தெரியும். இறக்கத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல், கியரை மாற்றி மாற்றியே இறங்கிவிடுவேன். ஊரிலிருந்து உறவினர்கள் புனேவுக்கு வந்தால் எந்தக் கோவிலுக்கும் எந்த மலைக்கும் நான்தான் ஓட்ட வேண்டும். (வாடகை வண்டி சொல்லலாமே என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்காது.)

எனக்குக் கார் என்றால் கியர். எங்களிடம் இருந்தது பதினோரு வருடப் பழைய பெட்ரோல் கார். அதன் எஞ்சின் சத்தத்தை வைத்தே எப்போது மூன்றுக்குப் போக வேண்டும், எப்போது இரண்டுக்கு இறங்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்றால், உண்மையிலேயே வாய்விட்டுச் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு சலிப்பாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. கியர் இல்லாத வண்டிகளைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால், "அது ஓட்டுறது இல்ல சார், உக்காந்திருக்கிறது" என்பேன். அலுவலகத்தில் இதைப் பல பேரிடம் சொல்லிப் பெருமை சம்பாதித்து வைத்திருந்தேன்.

அப்படியிருக்கும்போது என் மனைவி விஜிக்கு இடது முழங்காலில் லிகமென்ட் கிழிந்தது. வங்கியில் வேலை, அங்கேயே படிக்கட்டில் கால் பிசகிவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து, நடைப் பயிற்சியெல்லாம் செய்து, ஐந்தாவது மாதம் டாக்டர் சொன்னார்: நடக்கலாம், வேலைக்குப் போகலாம், கார்கூட ஓட்டலாம், ஆனால் க்ளட்ச் மட்டும் மிதிக்கக் கூடாது. எங்கள் காரின் க்ளட்சோ நல்ல கனம். (அந்தக் கனத்தைப் பற்றியும் நான் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.)

இதற்கிடையில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. சாக்கன் கிளையில் மேலாளர். பதினாறு வருடம் கௌண்டரிலும் கடன் பிரிவிலும் இருந்து வாங்கிய உயர்வு. பிம்ப்ரியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சாக்கனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அதுவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி. அந்த முழங்காலோடு அது நடக்காது. குறித்த தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பழைய நாற்காலியிலேயே உட்கார வேண்டும். ஆகவே க்ளட்ச் இல்லாத கார் ஒன்று வேண்டும். எங்கள் குடியிருப்பில் மின்சாரக் கார்களுக்கு சார்ஜிங் வசதி வந்துவிட்டது, தினமும் போய்வரும் தூரமும் ஒரே தூரம்தான், அதனால் மின்சாரக் காரே வாங்கிவிடலாம் என்று விஜி சொன்னாள். யோசித்துத்தான் சொன்னாள்.

கார் வாங்குவது அவளுக்காக. தேர்ந்தெடுப்பது நான். இந்த வேலைப் பங்கீட்டைச் செய்தது யார் என்று இப்போது நினைத்துப் பார்த்தால், நான்தான் செய்திருக்கிறேன்.

ஒரு நீளமான நோட்டு வாங்கினேன். ஸ்டியரிங் கனம், வளைவில் சாய்வு, பிரேக்கின் கடி, ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் உணர்வு என்று கோடு போட்டுப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் கொடுத்தேன். மூன்று மாதத்தில் ஏழு கார்கள் ஓட்டினேன், ஏழும் தேறவில்லை. ஒன்றில் ஸ்டியரிங் எண்ணெயில் முக்கினது மாதிரி சுற்றியது. ஒன்றில் வளைவில் உடம்பு ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமும் போனது. ஒன்று எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது, ஆனால் சத்தமே வரவில்லை. "சத்தம் வராதுதான், அது மின்சாரக் கார்" என்று விஜி நினைவூட்டினாள். "அதுக்காக இவ்வளவு வராம இருக்கணுமா?" என்று கேட்டேன். உணர்வு என்ற கட்டத்தில் எந்தக் காருக்கும் மூன்றுக்கு மேல் விழவில்லை. அந்த ஓட்டங்களில் எல்லாம் விற்பனையாளர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: இடது காலை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள் சார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, காலைப் பற்றியே யோசித்துக்கொண்டு ஓட்டினேன். அதனால் அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

விஜி முதல் மாதம் கேட்டாள், இரண்டாம் மாதம் கேட்டாள். மூன்றாம் மாதம் கேட்கவில்லை. அவளுக்கும் என் தரம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சேர வேண்டிய தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை ஷோரூமிலிருந்து போன் வந்தது. யாரோ பதிவு செய்த கார் ஒன்று ரத்தாகியிருக்கிறது, உடனே கிடைக்கும், மாலைக்குள் சொல்ல வேண்டும். என் நோட்டில் பத்துக்கு நான்கு வாங்கிய கார். சரி, இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம், இந்த முறை குடும்பத்தோடு, என்று கிளம்பினோம். விஜி, எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் நிலா, தேஹு ரோட்டிலிருந்து வந்திருந்த என் மாமனார், நான். மாமனார் ராணுவ டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புனேவுக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சை ஒரு சொல்கூட விட்டுக்கொடுக்காதவர்.

ஷோரூமில் எங்களுக்கு வாய்த்தவர் பிராச்சி மேடம். என் வயதுதான் இருக்கும். (அவர் பேசியதெல்லாம் இந்தி. மரியாதை குறையாமல் தமிழில் தருகிறேன்.) உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். மாமனார் ஒரு வாய் குடித்ததும் முகம் மலர்ந்தது.

"மாப்ள, காப்பி திக்கா இருக்கு. சும்மா குடுக்கான் பாருங்க" என்றார்.

அதற்குள் டெமோ கார் வாசலுக்கு வந்துவிட்டது. மாமனார் கோப்பையோடு எழுந்தார். காருக்குள் பானங்கள் வேண்டாம், இருக்கைகள் வெள்ளை நிறம் என்று பிராச்சி மேடம் தயங்கிச் சொன்னார். அப்போது நான் சொன்னதை இன்றைக்கும் என் மகள் நடித்துக் காட்டுகிறாள், கையை ஆட்டுவது உட்பட.

"மேடம், நான் ஓட்டினால் கோப்பையில் காப்பி அசையாது. அவர் குடிக்கட்டும்."

பிராச்சி மேடம் சிரித்தார். பிறகு, "சர், இடது காலை மட்டும்…" என்று ஆரம்பித்தார். "தெரியும், தெரியும்" என்றேன். எட்டாவது முறை ஓட்டுகிறவனிடம் வந்து காலைப் பற்றிப் பேசுவதா?

காலை நீட்ட வசதியாக விஜி முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையை இருவருக்கும் நடுவில், சாதாரணக் கார்களில் கியர் இருக்கும் இடத்தில் வைத்தாள். பின்னால் எனக்கு நேர் பின்புறம் மாமனாரும் காப்பியும், நடுவில் பிராச்சி மேடம், அந்தப் பக்கம் நிலா. பழைய மும்பை நெடுஞ்சாலையில் பிம்ப்ரியிலிருந்து கசார்வாடி வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு.

ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போனது. பிரச்சினை அதுதான். அது வரைக்கும் காலை நினைத்துக்கொண்டே ஓட்டியவன், அன்று பேசிக்கொண்டே ஓட்டினேன். வளைவில் சாய்வு பரவாயில்லை என்று விஜியிடம் விளக்கினேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வேகம் தானாகக் குறைவதைக் கண்டித்தேன். பேச்சு சுவாரசியத்தில் நான் பழைய நானாகிவிட்டேன். கசார்வாடிக்குச் சற்று முன்னால், பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடத்தில், சாலையில் ஒரு வேகத்தடை தெரிந்தது. வேகத்தடை தெரிந்தால் பல வருடங்களாக நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். க்ளட்சை மிதித்து இரண்டாவது கியருக்கு இறங்கினேன்.

க்ளட்ச் இல்லை. அந்த இடத்துக்குப் பக்கத்தில் பிரேக் இருந்தது, நல்ல அகலமான பிரேக். கனமான க்ளட்சுக்குப் பழகிய கால், அதை அடிவரை அமுக்கியது. கியரும் இல்லை. விஜியின் கைப்பையின் பிடி இருந்தது. அதைப் பற்றி ஒரே இழுப்பில் இரண்டாவது கியருக்குப் போட்டேன்.

கார் நின்றது. நின்றது என்ற சொல் போதாது, தரையில் ஆணி அடித்தது போல் நின்றது. மாமனாரின் காப்பி என் பிடரியில் பாதியும் வெள்ளை இருக்கையில் பாதியுமாக இறங்கியது. கைப்பை வாய் திறந்து, உள்ளிருந்ததெல்லாம் விஜியின் காலடியில் கொட்டியது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ எங்கள் பம்பரில் டம்மென்று மோதியது. இவ்வளவுக்கும் நடுவில், "அம்மா!" என்று விஜி கத்திவிட்டு இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் அவள் வலியோடு படி ஏறி இறங்கிப் பழகியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதையெல்லாம் ஒரு மிதியில் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

விஜி காலை மெதுவாக மடக்கினாள், நீட்டினாள். மறுபடி மடக்கினாள்.

"ஒண்ணும் இல்ல. பெல்ட் போட்டிருந்தேன், பயத்துல கத்திட்டேன். முட்டிக்கு ஒண்ணும் இல்ல, இருங்க."

"அப்பா, அது பிரேக்!" என்றாள் நிலா. "தாத்தாவோட காப்பி பூரா கிர் கயா!" (விழுந்துவிட்டதாம். எனக்கு அது பிடரியிலேயே தெரிந்தது.)

"மாப்ள, நாய் எதுவும் குறுக்க வந்துச்சா?" என்று மாமனார் கேட்டார். அந்த நல்ல மனிதர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் ஷேர் ஆட்டோக்காரர் ஜன்னலருகே வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்த ஆறு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆறு பேரும் இறங்கி வந்து என்னைப் பார்த்தார்கள். முன்னால் வெறும் சாலை நீண்டு கிடந்தது, ஒரு பூனைகூட இல்லை.

"கார் ஓட்டுகிறீர்களா, காலால் கரப்பான் பூச்சி அடிக்கிறீர்களா?" என்று ஆட்டோக்காரர் இந்தியில் கேட்டார். பிராச்சி மேடம் இறங்கி மராத்தியில் ஏதோ சொன்னார். ஆட்டோக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோபமெல்லாம் போய் இரக்கத்தோடு தலையாட்டினார். மேடம் என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

குனிந்து கைப்பையிலிருந்து கொட்டியவற்றைப் பொறுக்கினேன். சீப்பு, மாத்திரை அட்டை, கண்ணாடிக் கூடு, நான்காக மடித்த ஒரு தாள். மடிப்பு பாதி பிரிந்திருந்ததால் முதல் வரி தெரிந்தது. மண்டல அலுவலகத்துக்கு விஜி எழுதிய கடிதம். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் தினசரிப் பயணம் இயலாத காரணத்தால் பதவி உயர்வை ஏற்க முடியவில்லை என்று இருந்தது. கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"என்னது இது?" என்றேன்.

"பாத்தா தெரியலையா? திங்கக்கிழமை குடுக்கப் போறேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எதச் சொல்றது? நீங்க ஒரு வண்டிய முடிவு பண்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேங்க. அது பத்துக்கு மூணு, இது பத்துக்கு நாலு. பத்து வர வரைக்கும் சாக்கன் கிளை எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னாள். பின்னாலிருந்து மாமனார் கடிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். "ஏட்டி, பதினாறு வருசம்லா" என்று மகளிடம் மட்டும் சொன்னார். காப்பி சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படியே காரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நடுச் சாலையில் நிற்கக் கூடாது, ஓரமாக எடுங்கள் என்று பிராச்சி மேடம் திரும்பி ஏறிக்கொண்டு சொன்னார். எடுத்தேன். இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு எடுத்தேன். பத்தடி சரியாகப் போனேன். பட்டறை வாசலில் நிறுத்தும் நேரத்தில், நிறுத்தும்போது க்ளட்ச் மிதிக்காவிட்டால் எஞ்சின் அணைந்துவிடுமே என்று என் கால் (நானல்ல, கால்) நினைத்தது. மடக்கிய இடத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மறுபடியும் மிதித்தது. காருக்குள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்து எழுந்தோம். கொட்டுவதற்கு இந்த முறை காப்பி மிச்சமில்லை.

விஜி தன் பெல்ட்டைக் கழற்றினாள்.

"இறங்குங்க" என்றாள் விஜி.

"இல்ல விஜி, இப்ப பழகிடுச்சு…"

"இறங்குங்கன்னு சொன்னேன்."

பிராச்சி மேடம் தானே ஓட்டுவதாகச் சொன்னார். விஜி வேண்டாம் என்று சொல்லிப் பர்சிலிருந்து தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினாள். பிறகு பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, நான் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாகக் காரைச் சுற்றி நடந்து இடம் மாறினோம். அவள் மெதுவாக நடந்தாள். கதவைத் திறந்துவிடப் போன என்னைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டாள்.

இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடிகளைச் சரி செய்தாள். இடது காலை ஓரமாக நீட்டி வைத்தாள். அந்தக் கால் எட்டு மாதமாக எதையும் மிதிக்காத கால், அதற்கு எந்த ஆசையும் இல்லை, வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. கார் சத்தமில்லாமல் நகர்ந்து சாலைக்கு வந்தது. கசார்வாடி வரை போய், மெட்ரோ தூண்களுக்கு அடியில் திரும்பி, எல்லா வேகத்தடைகளிலும் பூப் போல ஏறி இறங்கி, பிம்ப்ரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. எட்டு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஷோரூமில் அவள் எடுத்துக்கொண்ட நேரம் பத்து நிமிடம்கூட இருக்காது. மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்தாள், முட்டி வலிக்கவில்லை. முன்பக்கம் எங்கே முடிகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறதா என்று பார்த்தாள், தெரிந்தது. ஒருநாள் சார்ஜ் செய்ய மறந்தால் மறுநாள் சாக்கன் போய்வர முடியுமா என்று பிராச்சி மேடத்திடம் கேட்டாள், தாராளமாக முடியும் என்றார். "இதுதான். புக் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் கடிதத்தைக் கிழித்து மேசைக்கு அடியில் இருந்த கூடையில் போட்டாள். மூன்று மாத நோட்டில் இல்லாத மூன்று கேள்விகள். உணர்வு எப்படி என்று நானும் கேட்கவில்லை.

இனி எஞ்சியது டெமோ காரின் கதை. அதன் பின்பக்கப் பம்பரில் ஒரு கீறலும் இருக்கையில் இந்தியாவின் வரைபடம் போல ஒரு காப்பிக் கறையும் இருந்தன. அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார் பிராச்சி மேடம். இடம், நேரம், காரில் இருந்தவர்கள் என்று எழுதிக்கொண்டே வந்தவர், விபத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தி யோசித்தார். பிறகு எழுதி, கையெழுத்துக்காக என் பக்கம் நகர்த்தினார். ஆங்கிலத்தில் இருந்ததன் பொருள் இதுதான்: வாடிக்கையாளர் மிக அனுபவம் வாய்ந்த ஓட்டுநர்.

என்னைக் கிண்டல் செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை, முகம் தீவிரமாகவே இருந்தது.

"உண்மைதானே சர்? புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் இப்படிச் செய்வதில்லை. இருபது வருடம் நன்றாக ஓட்டியவர்கள்தான் செய்கிறார்கள். இந்த மாதம் நீங்கள் மூன்றாவது."

கையெழுத்துப் போட்டேன். தோளுக்கு மேலாக நிலா எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். அதை இந்தியிலும் தமிழிலும் கலந்து தாத்தாவுக்குச் சொன்னாள். தாத்தா முதலில் அடக்கிப் பார்த்தார். பிறகு ஷோரூமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைச் சொதப்பினாலும் காரணம் அதுதான். நான் உப்புமாவை அடிப்பிடிக்க விட்டால் அனுபவம் ஜாஸ்தி. நிலாவுக்குக் கணக்கில் மார்க் குறைந்தால், "அப்பா, எனக்கும் எக்ஸ்பீரியன்ஸ் ஜாஸ்தி ஆயிடுச்சு" என்கிறாள், அதட்ட முடிவதில்லை. மாமனார் மருந்து மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டுவிட்டு போனில் என்னிடம்தான் சொல்வார்: "மாப்ள, இன்னிக்கு நானும் உங்க ஆளு."

விஜி குறித்த தேதியில் சாக்கனில் சேர்ந்தாள். தினமும் தானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறாள். நான் என் பழைய காரிலேயே அலுவலகம் போகிறேன். அவளுடைய காரை ஓட்ட எனக்குத் தடை எதுவும் கிடையாது, சாவி வாசல் பக்கத்துக் கொக்கியில்தான் தொங்குகிறது. நான்தான் தொடுவதில்லை.

போன மாதம் அவள் கிளையில் ஊழியர்கள் குடும்பத்தோடு கூடும் விழா ஒன்று நடந்தது. நானும் போனேன். ஓய்வு பெறப்போகும் மராத்தியரான தலைமைக் காசாளர், இதற்கு முன் என்னைப் பார்த்தே இராதவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தார். என் வலது கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினார். குலுக்கியபடியே மிகுந்த மரியாதையோடு கீழே குனிந்து என் இடது காலைப் பார்த்தார்.

"மேனேஜர் மேடத்தின் வீட்டுக்காரர் நீங்கள்தானா? அந்த அனுபவசாலி?" என்று இந்தியில் கேட்டார்.

ஆமாம் என்றேன். சுற்றி நின்ற எட்டுப் பத்துப் பேரும் தெரிந்த விஷயம் போலத் தலையாட்டினார்கள். மாலை விழா முடிந்ததும் விஜி சாவியோடு வலது பக்கக் கதவுக்குப் போனாள். நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, யாரும் சொல்லாமலேயே காலை மடக்கி வைத்துக்கொண்டேன்.